காசு, கணக்கு, கைப்பேசி: திருச்சானூர்க் கடைவீதியில் பணம் கொடுக்கும் முறைகள்

கடையில் பொருளை எடுத்தாயிற்று. இனிப் பணம் கொடுக்க வேண்டும். நோட்டை நீட்டுவதா, அட்டையைத் தேய்ப்பதா, கைப்பேசியைக் காட்டுவதா, அல்லது "கணக்குல எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவதா? இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வளர்ச்சிக் கதையாகத்தான் சொல்வார்கள். முதலில் காசு, அடுத்து அட்டை, கடைசியில் கைப்பேசி. படித்தவர்கள் சீக்கிரம் மாறுவார்கள், மற்றவர்கள் மெதுவாக மாறுவார்கள் என்று.

எங்கள் ஊர்க் கடைவீதிக்கு இந்தக் கதை பொருந்தவில்லை. அங்கே ஒரே ஆள், ஒரே காலைப் பொழுதில், நாலு கடையில் நாலு விதமாகப் பணம் கொடுக்கிறார். அதற்கு என்ன காரணம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெளிநாட்டில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடமும், ஊரிலிருக்கும் பெற்றோர் விஷயத்தில் ஒரு பொறுப்பும் இருக்கின்றன.

எங்கள் ஊர் திருச்சானூர். திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில், பத்மாவதித் தாயார் கோயில் கொண்டுள்ள ஊர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு என்று வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் இன்னும் ஏராளம். எங்களுடையதும் அதில் ஒன்று.

கடனில் நடந்த கல்யாணம்

பணம் கொடுப்பதைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. தலபுராணக் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. ஆகாசராசன் மகள் பத்மாவதியை மணக்க வந்த சீனிவாசனிடம் கைப்பணம் இல்லை. குபேரனிடம் கடன் வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. அந்தக் கடனுக்குப் பத்திரம் உண்டு, சாட்சி உண்டு, வட்டி உண்டு. கலியுகம் முடியும்வரை வட்டி கட்டிவருகிறார், திருமலை உண்டியலில் விழுவதெல்லாம் அதற்குத்தான் என்பது மக்கள் நம்பிக்கை. அவரைத் தெலுங்கில் "வட்டி காசுலவாடு" என்று செல்லமாகச் சொல்வார்கள். சாமியே தவணையில்தான் கட்டுகிறார் என்று எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. கல்வெட்டுகளில் திருச்சோகினூர் என்று வரும் ஊர் இதுவே. பல்லவன் தந்திவர்மன் காலத்திலேயே இங்கே விளக்கெரிக்கப் பொன் கொடுத்த செய்தி தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்காலத் தமிழ்நாட்டுக் கோயில்களில் பொன்னை முதலாக ஊர்ச்சபையிடம் ஒப்படைப்பார்கள். அதன் வட்டியாக நாள்தோறும் எண்ணெய் வந்துகொண்டிருக்கும். பணம் ஒருநாள் கொடுக்கப்பட்டது. விளக்கோ எந்நாளும் எரிய வேண்டும். இடையில் இருந்தது நம்பிக்கை ஒன்றுதான்.

காசு, வராகன், துட்டு

சந்திரகிரியிலிருந்து ஆண்ட வேங்கடபதிராயர் வெளியிட்ட பொற்காசுகளில் வேங்கடேசப் பெருமாள் நின்ற கோலத்தில் இருப்பார். பின்னர் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியாரும் பெருமாளும் இரு தேவியரும் நிற்கும் "மூன்று சாமி வராகனை" அடித்தார்கள். வியாபாரம் செய்ய வந்த வெள்ளைக்காரர், இந்த மண்ணில் எந்தக் காசை மக்கள் தயங்காமல் வாங்குவார்கள் என்று பார்த்துத்தான் அச்சிட்டார். சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் ரூபாய் முதன்மை நாணயமாகும்வரை இந்தக் கணக்கே ஓடியது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் "கேஷ்" நம் "காசு"தான் என்று மேடைகளில் கைதட்டல் வாங்குவது நம்மவர் வழக்கம். பாதிதான் உண்மை. கீழ்நாட்டுச் சிறு நாணயத்தைக் குறித்த "கேஷ்" என்ற பழைய சொல், தமிழ்க் காசிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. பொதுவாக ரொக்கத்தைக் குறிக்கும் "கேஷ்" என்பது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. இரண்டும் ஓசையில் ஒன்றாகிவிட்டன. மறுபக்கம், நாம் தமிழென்று நினைக்கும் "துட்டு" டச்சுக்காரர் நாணயப் பெயரிலிருந்து வந்தது. காசு எல்லை தாண்டும்போது பெயரும் கூடவே தாண்டுகிறது.

"அருவு ரேபு"

இனி இன்றைய கடைவீதிக்கு வருவோம். என் பெரியம்மா திருச்சானூரில் தனியாக இருக்கிறார். அவருடைய ஒரு நாள் கொள்முதலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மளிகைக் கடையில் நோட்டுக் கணக்கு. பூக்காரம்மாவிடம் சில்லறைக் காசு. மருந்துக் கடையில் கைப்பேசி. திருப்பதி காந்தி ரோட்டில் புடவை எடுத்தால் சில சமயம் மகன் கொடுத்த அட்டை. கோயில் உண்டியலுக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு வேறு தனி.

முதலில் நோட்டுக் கணக்கு. தெலுங்கு நாட்டுக் கடைகளில் "அருவு ரேபு" என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். கடன் நாளைக்கு என்று பொருள். நாளைக்குப் போனாலும் பலகையில் அதேதான் இருக்கும்! நம் தமிழ்க் கடைகளில் "கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகை. ஆனால் அந்தப் பலகைக்கு நேர் கீழேயே நீளமான கணக்கு நோட்டு கிடக்கும். பலகை புது ஆளுக்கு. நோட்டு பழைய ஆளுக்கு.

சம்பளம் மாதத்தில் ஒருநாள் வருகிறது, பசி தினமும் வருகிறது. கூலி வேலைக்காரருக்கோ மழை பெய்தால் வருமானமே கிடையாது. இந்த இடைவெளியை நிரப்புவது கணக்கு நோட்டுதான். வங்கி கேட்கும் ஈடு எதையும் கடைக்காரர் கேட்பதில்லை. ஆளைத் தெரியும், வீட்டைத் தெரியும், அப்பாவைத் தெரியும். சும்மாவும் கொடுப்பதில்லை. கணக்கு வைத்தவர் வேறு கடைக்குப் போக முடியாது, விலையைப் பேரம் பேசவும் நாக்கு எழாது. வட்டி என்று எழுதாத வட்டி அது. ஆக, நோட்டுக் கணக்கு விற்பது அவகாசம்.

2016 நவம்பர்

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் கடைகளில் செல்லாமல் போயிற்று. யாத்திரைக்கு வந்த மக்கள் கையில் பணம் இருந்தும் இல்லாதவர்களானார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். உள்ளூர்க்காரரை அந்த வாரங்களில் காப்பாற்றியது பெரும்பாலும் பழைய கணக்கு நோட்டுதான். பெரியம்மா சொல்வார்: "பேங்க்ல இருக்கிற துட்டு வரல, பொட்டியில இருக்கிற துட்டு செல்லல. செட்டியார் நோட்டுதான் செல்லிச்சு."

வெளிவந்த நோட்டுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018இல் தெரிவித்தது. ரொக்கம் ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. 2016 நவம்பர் தொடக்கத்தில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய் ரொக்கம் புழக்கத்தில் இருந்தது. 2024 மார்ச்சில் அது 35 லட்சம் கோடியை எட்டியிருந்தது. இதே காலத்தில் கைப்பேசி வழிக் கொடுப்பனவும் மலைபோல் வளர்ந்தது. ஒன்று வளர்ந்தால் மற்றது தேய வேண்டும் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. ரொக்கத்தில் ஒரு பகுதி வீட்டுச் சேமிப்பாக உறங்குகிறது. அன்றாடச் சில்லறை வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது.

சில்லறைப் பஞ்சமும் சதுரப் படமும்

யு.பி.ஐ. என்னும் முறையைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் அறிமுகம் செய்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைத் தாண்டியது. இவ்வளவு வேகத்துக்குக் காரணம் அறிவிப்புகளும் விளம்பரமும் மட்டும் அல்ல. டீக்கடையில் நின்று பார்த்தால் வேறொரு காரணம் தெரியும். அதன் பெயர் சில்லறை.

"சில்லறை இல்லீங்க" என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த இந்தியர் உண்டா? மீதி இரண்டு ரூபாய்க்குப் பதில் மிட்டாயைக் கையில் திணிப்பார்கள். அந்த மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் வாங்க மாட்டார்கள்! போதாக்குறைக்குப் பத்து ரூபாய் நாணயம் கள்ளக்காசு என்ற புரளி வேறு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 14 வடிவங்களும் செல்லும் என்று விளக்கம் கொடுத்த பிறகும் வாங்க மறுத்த கடைகள் உண்டு. இந்த நிலையில், கடை முன்னால் ஒட்டிய ஒரு சதுரப் படத்தைக் கைப்பேசியில் காட்டினால் பன்னிரண்டு ரூபாய் என்றால் சரியாகப் பன்னிரண்டு ரூபாய் போய்ச் சேருகிறது. சண்டை தீர்ந்தது.

இரண்டாவது காரணம் கட்டணம். 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. கொடுப்பனவுக்கு வணிகரிடம் வங்கிக் கழிவு பிடிக்கக் கூடாதென்று அரசு விதித்தது. பத்து ரூபாய் டீக்கு இரண்டு சதவீதம் என்றால் இருபது காசு. சிறிய கடைக்காரருக்கு அதுவும் லாபத்தில் ஓட்டைதான். மூன்றாவது, "இத்தனை ரூபாய் வந்தது" என்று உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி. கடைக்காரர் எண்ணெய்க் கையோடு வடையைத் திருப்பிக்கொண்டே காதால் கணக்குப் பார்க்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நம்பிக்கை வருகிறது. ஆக, கைப்பேசி விற்பது சில்லறையை.

அட்டையின் இனிப்பு

அட்டையின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1950இல் டைனர்ஸ் கிளப், 1958இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் பேங்க் ஆப் அமெரிக்காவின் அட்டை. நம் மளிகைக் கடை நோட்டின் பெரிய உருவம்தான் இது. செட்டியாருக்குப் பதில் வங்கி, வீட்டைத் தெரிவதற்குப் பதில் கடன் மதிப்பெண். செட்டியார் நோட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நோட்டில் எழுதும்போது அவர் நம் முகத்தைப் பார்ப்பார். மூன்றாம் வாரம் "இன்னும் பழைய பாக்கி நிக்குதே" என்று ஒரு வார்த்தை சொல்வார். அட்டை ஒருபோதும் அப்படிச் சொல்லாது.

டிராசன் பிரேலெக், டங்கன் சிமஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் எம்.ஐ.டி.யில் நடத்தி, 2001இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கூடைப்பந்தாட்ட நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, அட்டையில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். பொருள் ஒன்றுதான், கையை விட்டுப் போகும் வலி மட்டும் குறைந்துவிட்டது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது விரலுக்கு உறைப்பது, அட்டையைத் தேய்க்கும்போது உறைப்பதில்லை.

அந்த இனிப்புக்குப் பணம் கொடுப்பவர் யார்? அமெரிக்காவில் கடன் அட்டைக்குக் கடைக்காரர் பொதுவாக இரண்டு முதல் மூன்று சதவீதம் வரை கழிவு கொடுக்கிறார். அது பொருளின் விலைக்குள் ஏறிவிடுகிறது. நமக்குக் கிடைக்கும் விமானப் பயணப் புள்ளிகளின் ஒரு பங்கை, அதே கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கும் துப்புரவுத் தொழிலாளியும் கட்டுகிறார். நம் சங்கத்துக் கூட்டங்களில் எந்த அட்டைக்கு அதிகப் புள்ளி என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். இதையும் கொஞ்சம் பேசலாம்.

காசு வேண்டாம் என்ற கடை

மத்திய ரிசர்வ் வங்கிகளின் கணக்கெடுப்பின்படி, அமெரிக்கர்களின் கொடுப்பனவுகளில் ரொக்கத்தின் பங்கு 2016இல் 31 சதவீதம். 2023இல் 16 சதவீதம். சில கடைகள் ரொக்கமே வாங்குவதில்லை என்று எழுதி ஒட்டின. சில ஆண்டுகளுக்கு முன் பெரியம்மா நியூ ஜெர்சிக்கு வந்திருந்தபோது, அப்படிப்பட்ட ஒரு காப்பிக் கடைக்கு அழைத்துப் போனேன். என்னைத் தடுத்துவிட்டுத் தானே இருபது டாலர் நோட்டை நீட்டினார். அந்தப் பெண் சிரித்தபடி தலையை ஆட்டினாள். பெரியம்மாவுக்கு விளங்கவில்லை. "ஏண்டா, நோட்டு கிழிஞ்சிருக்குதா?" என்றார். விளக்கிச் சொன்னேன். "காசை வேணாம்னு சொல்ற கடையை இன்னிக்குத்தான் பாக்கறேன். அப்ப ஏழைபாழை என்னாத்தைக் குடிப்பான்?" என்று கேட்டார்.

அதே கேள்வியைச் சட்டமன்றங்களும் கேட்டன. தனியார் கடை ரொக்கத்தை வாங்கியே தீர வேண்டும் என்று அமெரிக்க மத்தியச் சட்டம் ஏதும் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1978 முதலே அப்படியொரு சட்டம் உண்டு. 2019இல் நியூ ஜெர்சி மாநிலமும் பிலடெல்பியா நகரமும், 2020இல் நியூயார்க் நகரமும், சில விலக்குகளோடு, சில்லறைக் கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றின. வங்கிக் கணக்கு இல்லாதவர், புதிதாக வந்து இறங்கியவர், முதியவர் ஆகியோர் கடைவாசலிலேயே நிறுத்தப்படக் கூடாது என்பதே இச்சட்டங்களின் நோக்கம்.

சிறுவாடு

ரொக்கத்துக்கு இன்னொரு குணம் உண்டு. பெரியம்மாவின் கைப்பேசிக் கொடுப்பனவுக்கு உரிய வங்கிக் கணக்கின் செய்திகள் பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவருடைய வசதிக்காக என்று அண்ணன் செய்த ஏற்பாடு அது. மருந்து வாங்கினால் அண்ணனுக்குச் செய்தி போகும். சரி, நல்லதுதான். ஆனால் வேலைக்கார அம்மாவின் பேத்திக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கிக் கொடுத்தாலும் செய்தி போகும். "என்னம்மா இது நானூறு ரூபாய்?" என்று சாயங்காலம் போன் வரும். திட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. என்றாலும் கேள்வி கேள்விதானே. அன்றிலிருந்து இப்படிப்பட்ட செலவெல்லாம் பெரியம்மா ரொக்கத்தில்தான் செய்கிறார். "எனக்கும் ஒரு கை வேணும்டா" என்றார் ஒருநாள்.

இதற்குத் தமிழில் அழகான பெயர் உண்டு: சிறுவாடு. வீட்டுப் பெண்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சிறுகச் சிறுக ஒதுக்கி வைக்கும் பணம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவிலும், தங்கை கண்ணீரோடு வந்து நின்ற நாளிலும் வெளியே வரும் பணம் அதுதான். 2016 நவம்பரில் இந்தச் சிறுவாடெல்லாம் கணவர் முன்னும் பிள்ளைகள் முன்னும் மேசையில் கொட்டப்பட்டது. பொருளாதார இழப்பு பெரும்பாலும் இல்லை, நோட்டுகள் மாற்றப்பட்டன. போனது இரகசியம். அதை எந்த வங்கியும் மாற்றிக் கொடுக்கவில்லை. ஆக, ரொக்கம் விற்பது கேள்வி கேட்காத உரிமையை.

நாம் செய்யக்கூடியவை

தொகுத்துப் பார்ப்போம். நோட்டுக் கணக்கு அவகாசம் தருகிறது. கைப்பேசி சில்லறையைத் தீர்க்கிறது. அட்டை வலியைக் குறைக்கிறது, விலையைக் கூட்டுகிறது. ரொக்கம் யாரும் கேட்காத கையைத் தருகிறது. எனவே "மக்கள் எதை விரும்புகிறார்கள்?" என்று ஒற்றை விடை தேடுவதில் பொருளில்லை. அந்தக் கடையில், அந்த நேரத்தில் அவருக்கு எது குறைகிறதோ, அதைத் தரும் முறையை அவர் எடுத்துக்கொள்கிறார். ஏதாவது ஒரு முறையை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அடைத்தால், யாரோ ஒருவருடைய தேவை வெளியே நிற்கும்.

நம் அன்பர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 2023 முதல் அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைப்பேசி எண்ணோடு, நம் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளில் யு.பி.ஐ. பெற வழி செய்யப்பட்டது. உங்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது சில்லறைக்குத் தவிக்க வேண்டாம். சாதாரணக் கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு 2022இல் வந்த யு.பி.ஐ. 123பே முறை இருக்கிறது.

பெற்றோருக்குக் கைப்பேசிக் கொடுப்பனவைக் கற்றுக்கொடுக்கும்போது ஒன்றைப் பத்து முறையாவது சொல்லுங்கள்: இரகசிய எண் பணம் கொடுக்கத் தேவை; பணம் வாங்க ஒருபோதும் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, எண்ணைப் போடுங்க" என்று யார் சொன்னாலும் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

கடைசியாக ஒன்று. அவர்கள் கணக்குக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். அந்தக் கணக்கின் செய்திகள் யாருடைய எண்ணுக்குப் போகின்றன என்று ஒருமுறை கேளுங்கள். உங்களுக்கு வந்துகொண்டிருந்தால், அம்மாவின் எண்ணுக்கே மாற்றிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது கொஞ்சம் ரொக்கத்தையும் அவர் கையில் கொடுங்கள், பத்தும் இருபதும் ஐம்பதுமாக. அதற்குக் கணக்கு மட்டும் கேட்காதீர்கள்.